தலைக்கு அளவெடுத்தல்: மைசூருத் தலைப்பாகையும் மாணவர் கைத்தொழிலும்

பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டப்படும் படங்களுள் இரண்டினை நம் நாட்டு மாணவர் பெரும்பாலோர் அறிவர். ஒன்று, ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று மாலை சூட்டப்படும் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் படம். மற்றொன்று, செப்டம்பர் 15ஆம் நாள் பொறியாளர் தினத்தன்று நினைவுகூரப்படும் மோ. விசுவேசுவரய்யாவின் படம். இருவரும் மைசூருடன் தொடர்புடையவர்கள். முன்னவர் 1918 முதல் 1921 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னவர் 1912 முதல் 1918 வரை மைசூர் அரசின் திவானாக இருந்தார். இருவருடைய தலையையும் அணி செய்வது தலைப்பாகை. அவர்கள் எழுதிய நூல்களும் எழுப்பிய அணைகளும் பாடங்களில் இடம்பெறுகின்றன. ஆனால் அந்தத் தலைப்பாகையை யார் செய்தார், எவ்வாறு செய்தார், அவ்வேலையை எங்கே கற்றார் என்ற கேள்வி பாடப் புத்தகத்தில் இடம்பெறுவதில்லை.

இக்கேள்வி அற்பமானதன்று. ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் பலராகவும், அதைச் செய்யத் தெரிந்தோர் மிகச் சிலராகவும் ஆகும்போது கல்விக்கு ஒரு கடமை ஏற்படுகிறது. மாணவர் தம் கையால் ஒரு தலையணியைச் செய்யக் கற்பதால் என்ன பயன், அதற்கு மைசூரு எத்தகைய வாய்ப்புகளைத் தருகிறது, அவ்வழியில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் எவை என்பனவே இவ்வுரையின் பொருள்.

தமிழில் தலையணிக்குப் பல பெயர்கள் உண்டு. தலைப்பாகை, முண்டாசு, உருமால், குல்லாய், தொப்பி என்பன அவற்றுட் சில. கோயிலில் மரியாதையாகத் தலையில் கட்டப்படுவது பரிவட்டம். கொங்கு நாட்டுத் திருமணத்தில் உருமால் கட்டுதல் ஒரு சீர். சுமை தூக்குவோர் தலைக்கும் சுமைக்கும் இடையே துணியைச் சுருட்டி வைப்பது சும்மாடு. மரியாதைக்கும் மங்கலத்திற்கும் உழைப்புக்கும் ஒரே முழத் துணி பயன்பட்டதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

மைசூருத் தலைப்பாகை

கன்னடத்தில் பேட்டா எனப்படும் மைசூருத் தலைப்பாகை, உடையார் மன்னர்களின் அரச உடையில் ஒரு பகுதியாக விளங்கியது. திவான்களும் அரசு அலுவலர்களும் தத்தம் நிலைக்கேற்ற தலைப்பாகையுடன் அவைக்கு வந்தனர். பட்டும் சரிகையும் அதன் முதன்மையான பொருள்கள். மன்னராட்சி முடிவுற்ற பின்னரும் அது மறையவில்லை. கர்நாடகத்தில் சிறப்பு விருந்தினரைப் பெருமைப்படுத்தச் சால்வையுடன் தலைப்பாகையும் அணிவிப்பது இன்றும் வழக்கில் உள்ளது. தசரா விழாக் காலத்தில் மைசூரு நகரெங்கும் அதனைக் காணலாம். ஐரோப்பிய முறையிலான சதுரத் தொப்பிக்கு மாற்றாகப் பட்டமளிப்பு விழாக்களில் இதனை அணியும் வழக்கமும் அம்மாநிலத்தில் ஏற்பட்டுள்ளது.

முற்காலத்தில் நீண்ட துணியை அணிபவர் தலையிலேயே மடிப்பு மடிப்பாகச் சுற்றிக் கட்டுவர். கட்டுபவரின் கைத்திறனும் அணிபவரின் பொறுமையும் அதற்குத் தேவைப்பட்டன. இன்று விழாக்களில் காண்பன பெரும்பாலும் ஆயத்தமாகச் செய்து வைக்கப்பட்டவை. தலையளவுக்கேற்ற உட்கூடு ஒன்றினை முதலில் அமைத்து, அதன்மேல் பட்டுத் துணியை மடித்துச் சுற்றி, சரிகைக் கரை வெளியே தெரியுமாறு நிறுத்தி, ஊசித் தையலால் இறுக்குவர். மடிப்புகளின் அகலம் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். வலப்புறமும் இடப்புறமும் சமமாக இறங்குதல் வேண்டும். நெற்றியில் அழுத்தாமலும் காதின்மேல் நழுவாமலும் நிற்றல் வேண்டும். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இம்மூன்றையும் ஒருங்கே அடைவது நீண்ட பழக்கத்தின் பயனாகும்.

இப்பழக்கம் பெரும்பாலும் குடும்பத்திலும் கடையிலுமே கைமாறுகிறது. மூத்தவர் செய்வதை இளையவர் பார்த்திருந்து, முதலில் துணி பிடித்து, பின்னர் மடிப்பு எடுத்து, இறுதியில் தாமே ஒன்றை முடிக்கிறார். இம்முறையில் ஆழம் உண்டு, அகலம் இல்லை. அந்தக் கடைக்கு வெளியே உள்ள மாணவருக்குத் தலைப்பாகை என்பது விலைக்கோ வாடகைக்கோ கிடைக்கும் ஒரு விழாப்பொருள் மட்டுமே.

பொருளே தேர்வாளர்

கைத்தொழில்கள் பலவற்றுள் தலையணி செய்தலை மாணவருக்கு ஏற்றதெனக் கருதுவதற்குக் காரணம் உண்டு. வரைந்த படத்தை ஒருவர் நன்று என்பார். மற்றொருவர் அன்று என்பார். தைத்த தொப்பியைத் தலையில் வைத்தவுடன் ஐயம் நீங்கிவிடும். அது பொருந்தும் அல்லது பொருந்தாது. ஆசிரியரின் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்த பொருளே செய்தவரைத் தேர்வு செய்கிறது.

ஓர் எளிய கணக்கைக் காணலாம். ஒருவருடைய தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 22 அங்குலம் என்று கொள்வோம். வட்டத்தின் சுற்றளவை 22/7 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும் என்பது கணக்குப் பாடம். 22 அங்குலத்தை அவ்வாறு வகுத்தால் 7 வருகிறது. அமெரிக்கத் தொப்பிக் கடைகளில் அத்தலைக்குரிய தொப்பியின் அளவெண்ணும் 7 தான். சுற்றளவை விட்டமாக மாற்றிக் கூறுவதே அந்நாட்டு அளவு முறை. ஆயினும் மனிதத் தலை வட்டமன்று. முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். ஆகவே வட்டமாக வெட்டிய உச்சித் துண்டு பக்கங்களில் துருத்தி நிற்கும், நெற்றியில் இறுகும். வகுப்பில் கற்ற வாய்பாடு எவ்வளவு தூரம் உதவும், எங்கே திருத்தம் வேண்டும் என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது.

மற்றொரு கணக்கு தையலைப் பற்றியது. ஆறு துண்டுகளை இணைத்துச் செய்யும் குல்லாயில் ஆறு தையல்கள் வரும். ஒவ்வொரு தையலிலும் இருபுறத் துணியையும் 1 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகப் பிடித்துவிட்டால் மொத்தம் 12 மில்லிமீட்டர் குறைந்துவிடும். 56 சென்டிமீட்டர்த் தலைக்குச் செய்தது 55 சென்டிமீட்டர்த் தலைக்கும் ஏறாது. கண்ணுக்குத் தெரியாத சிறு பிழைகள் ஒன்று கூடினால் என்னவாகும் என்பதை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இயந்திரத் தொழிற்சாலையிலும் கட்டடப் பணியிலும் அளவு வழுவக்கூடாது என்னும் ஒழுங்கு ஏன் வந்தது என்பதைப் பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் இக்குல்லாயைக் கொண்டே உணரலாம்.

மூன்றாவது, பொருளறிவு. ஒரே துணியை நேராக வெட்டினால் இழுபடாது. தையற்காரர் 'கிராஸ்' என்று கூறும் மூலைவாட்டில் வெட்டினால் நெகிழ்ந்து கொடுக்கும். கஞ்சி போட்ட பருத்தி மடிப்பைக் காக்கும். பட்டு வழுக்கும், ஆகவே ஊசி நெருக்கமாக இறங்க வேண்டும். துளுநாட்டு உழவர் அணியும் தொப்பி கமுகம் பாளையால் ஆனது. பச்சைப் பாளை வளையும், காய்ந்தது விறைத்து நிற்கும், மழைநீர் அதில் ஊறாது. தென்மாவட்டங்களில் பனையோலையால் தொப்பி முடைவர். ஆங்கிலேயர் காலத்தில் வெயிலுக்கு அணியப்பட்ட தொப்பி, நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உட்பகுதியால் செய்யப்பட்டது. அது எடை குறைந்தது, வெப்பத்தைத் தடுப்பது. அதே நெட்டியைக் கொண்டு தஞ்சைக் கைவினைஞர் கோயில் உருவங்களைச் செதுக்குகின்றனர். ஊரில் விளையும் பொருள், ஊரின் வெயில், மழை ஆகியவற்றிலிருந்தே தலையணியின் வடிவம் பிறந்தது. புவியியலும் தாவரவியலும் இங்கே ஒரு தொப்பிக்குள் அடங்கிவிடுகின்றன.

கலைப் பயிற்சியில் இம்முறைக்கு முன்மாதிரியும் உண்டு. கர்நாடகக் கடற்கரைப் பகுதியின் யட்சகானத்தில், ஆடக் கற்கும் மாணவர் தாளத்தையும் அடவையும் மட்டும் கற்பதில்லை. முகத்துக்கு வண்ணம் இடவும் தலையில் முண்டாசு கட்டவும் சேர்த்தே கற்கின்றனர். தாழம்பூ வடிவில் உயர்ந்து நிற்கும் அந்தத் தலைக்கட்டு தளர்ந்தால் ஆட்டமே தளரும். ஆகவே அங்கே தலையணி செய்தல் கல்விக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. கல்வியின் உறுப்பாகவே உள்ளது.

மைசூருக்கு வாய்த்த வளம்

தொழிற்கல்வியில் மைசூருக்கு நெடிய மரபு உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் 1912இல் அரசுப் பட்டு நெசவாலை நிறுவப்பட்டது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மன்னர் சாமராஜேந்திரரின் பெயரால் எழுந்த தொழில்நுட்பப் பயிலகத்தில் மரச்செதுக்கு, மர உள்ளிழைப்பு, பிரம்பு வேலை போன்றவை கற்பிக்கப்பட்டன. கைத்தொழிலுக்கு ஓர் அரசே பள்ளி நடத்தியது என்பது இந்நகரின் பெருமை. விடுதலைக்குப் பின், 1963இல், பல்நோக்குப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஆயத்தம் செய்யும் நோக்குடன் நாட்டில் நிறுவப்பட்ட நான்கு மண்டலக் கல்வியியல் கல்லூரிகளுள் ஒன்று மைசூரில் அமைந்தது.

நகரத்திற்கு வெளியே, நஞ்சன்கூடு வட்டாரத்தில் உள்ள பதனவாளு கிராமத்தின் கதர் மையத்திற்குக் காந்தியடிகள் 1927இல் வருகை தந்தார். ஆக, பட்டுக்கு ஓர் ஆலை, கதருக்கு ஒரு கிராமம், தலைப்பாகைக் கைவினைஞர், ஆசிரியரைப் பயிற்றும் நிறுவனம் ஆகிய அனைத்தும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. இவற்றை இணைக்கும் கண்ணியே இன்னும் வலுப்பட வேண்டும்.

காந்தியடிகளின் பெயரால் வழங்கும் வெள்ளைத் தொப்பியையும் ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தம். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அவர் அதனை உருவாக்கினார். இலேசானது, மடித்துச் சட்டைப் பையில் வைக்கத்தக்கது, குறைந்த துணியில் எளிதாகத் தைக்கத்தக்கது, வெண்மையாதலால் அழுக்குத் தெரிந்தவுடன் துவைக்கத்தக்கது என்பன அதன் இயல்புகள். பல முழத் துணி வேண்டும் தலைப்பாகையைவிட ஏழைக்கு ஏற்றது. 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறியபோது அவர் அத்தொப்பியையும் விட்டுவிட்டார்; ஆனால் நாடு அதனை ஏற்றுக்கொண்டது. ஒரு பொருளைத் திட்டமிடுவோன் பயன், செலவு, செய்முறை, பராமரிப்பு ஆகிய நான்கினையும் எண்ண வேண்டும் என்பதற்கு இத்தொப்பி ஒரு முழுமையான பாடம்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதன் தொடர்பில் டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைப் பரிந்துரைத்தன. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் அதனை வேலை அனுபவம் என்றது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி என்று பெயரிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் காலத்தில் மாணவர் புத்தகப் பையின்றிப் பத்து நாள் உள்ளூர்க் கைவினைஞரிடம் பயிலலாம் என்று கூறியது. பெயர்கள் மாறின; கருத்து நிலைத்தது. ஆயினும் பல பள்ளிகளில் அக்கருத்து அட்டையில் படம் ஒட்டுவதோடும், கடையில் வாங்கிய பொருளைக் காட்சிக்கு வைப்பதோடும் நின்றுவிடுகிறது. கொள்கை குறைவுபட்டதால் அன்று. கைவினைஞர் வகுப்பறைக்குள் வராததால் இந்நிலை.

எச்சரிக்கைகள் இரண்டு

கைத்தொழிற் கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் தமிழ்நாட்டின் ஓர் அனுபவத்தை மறத்தல் ஆகாது. 1953இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு தொடக்கக் கல்வியில் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் மாணவர் தம் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். சவரத் தொழிலாளியின் மகன் சவரத்தையும், சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும் கற்று அங்கேயே நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் பிறரும் எதிர்த்த அத்திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது.

அக்கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. 2023 செப்டம்பரில் நடுவணரசு 18 தொழில்களைச் சார்ந்த கைவினைஞருக்காகப் பிரதமரின் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிய பின்னர், குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்க வேண்டும் எனவும், குறைந்தபட்ச வயதை 35 ஆக உயர்த்த வேண்டும் எனவும் தமிழ்நாடு அரசு கோரியது. இளைஞர் உயர்கல்வியை விட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பும் நிலை வரலாகாது என்பது அக்கோரிக்கையின் கருத்து. கைவினைஞருக்கு உதவி தேவை என்பதில் இருதரப்பிலும் வேறுபாடில்லை. தொழில் பிறப்பால் வருவதா, விருப்பத்தால் வருவதா என்பதே வினா.

இவ்வினாவிற்கு வகுப்பறையில் தெளிவான விடை உண்டு. தலைப்பாகை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தலைப்பாகை கற்பிப்பது குலக்கல்வி. வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளுக்கும், மருத்துவர் மகளுக்கும் துப்புரவுப் பணியாளர் மகனுக்கும், ஒரே ஊசியையும் ஒரே துணியையும் கொடுத்துக் கற்பிப்பது பொதுக்கல்வி. முன்னது பிள்ளையைத் தந்தையின் தொழிலில் கட்டிப்போடுகிறது. பின்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லார் தொழிலையும் மதிக்கக் கற்பிக்கிறது. கைவினைஞர் வீட்டுப் பிள்ளை அவ்வகுப்பில் தன் தாயோ தந்தையோ ஆசிரியராக நிற்பதைக் காணும். பின்னர் அது பொறியாளராகலாம், கணக்கராகலாம், விரும்பினால் தலைப்பாகைக் கலைஞராகவும் ஆகலாம். கணக்கும் அறிவியலும் குறையாமல் கைத்தொழில் சேர்வதே கல்வி. அவற்றைக் குறைத்துக்கொண்டு சேர்வதன்று.

இரண்டாவது எச்சரிக்கை, மாணவரின் உழைப்பைப் பற்றியது. வார்தாத் திட்டம் பேசப்பட்ட காலத்திலேயே, பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியை நடத்தலாம் என்ற கருத்து ஐயத்திற்கு உள்ளாயிற்று. அந்த ஐயம் நியாயமானது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறைவடையாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகளே அதில் உண்டு. பள்ளியில் தைக்கும் தொப்பி விற்பனைப் பொருளாதல் கூடாது. எத்தனை செய்தார் என்பதன்று, எப்படிச் செய்தார், ஏன் பிரித்துத் தைத்தார் என்பதே அங்கே கணக்கு.

தலையணிக்கு உரிய மற்றொரு வரலாற்றுப் பாடமும் உண்டு. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்தில் புகுத்தப்பட்ட புதிய தலைப்பாகை அதன் உடனடிக் காரணங்களுள் ஒன்று. தொப்பியைப் போன்ற தோற்றமும் அதில் வைத்த தோல் குஞ்சமும் தம் சமயத்திற்கு ஊறு விளைக்கும் என்று சிப்பாய்கள் அஞ்சினர். மைசூரை இழந்த திப்பு சுல்தானின் மைந்தர் அப்போது அக்கோட்டையில்தான் காவலில் இருந்தனர். அணிபவரைக் கேளாமல் அளவும் வடிவும் வகுத்த ஆணையின் விளைவு அது. மாணவர் தொப்பி செய்யும் வகுப்பில் இதனைச் சொல்லிக் கொடுப்பது வரலாற்றுப் பாடம் மட்டுமன்று. திட்டம் தீட்டுவோர் முதலில் பயன்பெறுவோரின் தலைக்கு அளவெடுக்க வேண்டும் என்பது அலுவலர்க்கும் உரிய பாடம்.

பத்து நாள் பாடம்

எந்தக் கொள்கையின் பெயரால் நடப்பினும், பத்து வேலை நாள்களில் என்ன இயலும் என்பதைக் கணித்துப் பார்க்கலாம். பட்டும் சரிகையும் தொடக்க மாணவருக்குத் தேவையில்லை. கதர்த் துணியாலான எளிய தொப்பியே முதற்பாடமாகட்டும்.

முதல் நாள் அளவெடுத்தல். மாணவர் இருவர் இருவராக ஒருவர் தலையை மற்றவர் நாடாவால் அளந்து பட்டியலிடுவர். வகுப்பின் சராசரியைக் காண்பர். சராசரி அளவுக்குச் செய்தால் எத்தனை பேருக்குப் பொருந்தாது என்பதையும் எண்ணுவர். இரண்டாம் நாள் பழைய செய்தித்தாளில் மாதிரி வெட்டித் தலையில் வைத்துப் பார்த்தல். மூன்றாம் நாள், தையலுக்கு விட வேண்டிய துணியைச் சேர்த்துக் கணக்கிட்டு வெட்டுதல். நான்கு முதல் ஆறாம் நாள் வரை கைத்தையல். ஏழாம் நாள் அணிந்து பார்த்தல். பெரும்பாலானவை அன்று பொருந்தா. ஆகவே எட்டாம் நாளே இப்பாடத்தின் உயிர்நாடி. அன்று தையலைப் பிரித்து, பிழை எங்கே என்று கண்டு, மீண்டும் தைப்பர். பிழையை மறைப்பதற்கும் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு நாள் உணர்த்தும்.

ஒன்பதாம் நாள் விலைக் கணக்கு. துணிக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று எழுதுதல். ஒரு தொப்பிக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று என்று கொண்டால் அது எட்டு மணி நேர வேலை நாளில் பாதி. ஆகவே ஒரு நாட்கூலியில் பாதி அத்தொப்பியின் விலையில் இருந்தாக வேண்டும். சந்தையில் அதே தொப்பி அதனினும் மலிவாகக் கிடைத்தால், ஒன்று இயந்திரம் அந்நேரத்தைக் குறைத்திருக்க வேண்டும். அல்லது எங்கோ ஒருவர் அரைக் கூலிக்கு உழைத்திருக்க வேண்டும். பொருளாதாரம் பயிலும் கல்லூரி மாணவருக்கும் இக்கணக்கு புதிதாகத் தோன்றக்கூடும். பத்தாம் நாள், மைசூருத் தலைப்பாகை செய்யும் கைவினைஞர் மாணவர் முன் அமர்ந்து, பட்டுத் துணியில் மடிப்பெடுத்து முழுத் தலைப்பாகை ஒன்றைச் செய்து காட்டுதல். ஒன்பது நாள் ஊசி பிடித்த கைகளுக்குத்தான் அவருடைய விரல்களின் வேகம் விளங்கும். முதல் நாளே காட்டியிருந்தால் அது வேடிக்கையாக முடிந்திருக்கும்.

அலுவலர் செய்யத்தக்கவை

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. வேண்டுவன சில தெளிவான முடிவுகள்.

முதலாவது, பள்ளிக்கு வரும் கைவினைஞரை விருந்தினராக மட்டும் கருதாது, அந்நாள்களுக்கு ஆசிரியராகவே கருதி, ஊதியம் வழங்குதல் வேண்டும். சால்வை போர்த்தி நன்றி கூறி அனுப்புவது மரியாதை. அவர் இழந்த நாள் வருமானத்தை ஈடு செய்வது நியாயம். மரியாதையும் நியாயமும் சேர்ந்தே நடைபெறுதல் வேண்டும்.

இரண்டாவது, துணி, ஊசி, நூல், கத்தரி ஆகியவற்றைப் பள்ளியே வழங்குதல் வேண்டும். மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவருமாறு சொன்னால், வசதியுள்ள பிள்ளை பட்டுடனும் வறிய பிள்ளை வெறுங்கையுடனும் வரும். பொதுக்கல்வியின் நோக்கம் முதல் நாளிலேயே கெட்டுவிடும்.

மூன்றாவது, ஆசிரியர் பயிற்சியிலேயே இக்கைவேலை இடம்பெறுதல் வேண்டும். தாம் ஒரு முறையேனும் தொப்பியைப் பிரித்துத் தைத்த ஆசிரியரே மாணவரின் எட்டாம் நாளைப் பொறுமையுடன் நடத்துவார்.

நான்காவது, ஆணும் பெண்ணும் ஒன்றாகவே கற்றல் வேண்டும். ஊசி பெண்ணுக்கு, தலைப்பாகை ஆணுக்கு என்னும் பிரிவினையை இவ்வகுப்பு எளிதாக நீக்கும். பட்டமளிப்பு மேடையில் இருபாலாரும் தலைப்பாகை அணியலாமெனில், பள்ளியில் இருபாலாரும் அதனைச் செய்யவும் கற்கலாம்.

ஐந்தாவது, செய்முறையை எழுதி வைத்தல் வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும், படங்களுடன், அளவுகளுடன், அந்தந்த ஊரின் தலையணிக்கு ஒரு சிறு கையேடு அமைதல் நன்று. குடகு நாட்டின் தட்டை உச்சித் தலைப்பாகை, துளுநாட்டின் பாளைத் தொப்பி, கொங்கு நாட்டின் உருமால், தென்பாண்டி நாட்டின் பனையோலைத் தொப்பி என ஒவ்வொன்றுக்கும் அறிந்தவர் இன்றும் உள்ளனர். மாணவரே அவர்களிடம் சென்று, கேட்டு, அளந்து எழுதினால் கையேடும் உருவாகும்; கல்வியும் நிகழும்.

தொப்பி செய்யக் கற்ற மாணவர் அனைவரும் தொப்பி செய்து பிழைக்கப் போவதில்லை; அது நோக்கமும் அன்று. ஆயினும் அவர்களுள் ஒருவர் நாளை மாவட்ட அலுவலராகி, கைவினைஞர் கூட்டுறவுச் சங்கத்தின் கோப்பினைக் கையில் எடுக்கும்போது, ஒரு மடிப்புக்கு எத்தனை ஊசிக் குத்து, ஒரு நாளில் எத்தனை தலைப்பாகை, அதற்கு எவ்வளவு கூலி என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது. மற்றொருவர் பொறியாளராகி அளவுகோலைப் பிடிக்கும்போது ஒரு மில்லிமீட்டரின் மதிப்பை அறிந்திருப்பார். வேறொருவர் கடையில் நின்று விலை பேசும்போது, எதிரே நிற்பவரின் அரை நாள் உழைப்பைக் கண்ணாரக் காண்பார். கைவினைஞரின் வாழ்வு உயர்வதற்கு மானியமும் கடனும் ஓரளவே உதவும். அவர் செய்யும் வேலை எத்தகையது என்பதை அறிந்த தலைமுறை ஒன்று உருவாதலே அதற்கு உறுதியான துணை. அத்தலைமுறையை உருவாக்கும் பணி, மாணவர் ஒருவர் நாடாவை எடுத்துத் தம் தோழரின் தலையை அளக்கும் நாளில் தொடங்கிவிடும்.